சத்தமில்லாத விளையாட்டு

"நாலு பேரும் ஒரே குடும்பமா? சேர்த்து எடுத்தா டிக்கெட் குறையும்."

"இல்லீங்க, தனித்தனி" என்றாள் அவள். அதே நேரத்தில் அவரும் அதையே சொன்னார். டிக்கெட் அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள்.

"மொத தடவையா?"

"இந்த மாதிரி வர்றது மொத தடவைதான்" என்றார் அவர்.

பையன் அவருடைய விரலைப் பிடித்தபடி நின்றான். பையனைவிடப் பெரிய மகள், தன் அம்மாவின் கைப்பை வாரைப் பிடித்தபடி நின்றாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய ராட்டினங்களின் இரைச்சல் மரங்களுக்கு அப்பால் எங்கோ கேட்டது. பூங்காவின் இந்த மூலையில் கூட்டமே இல்லை. ஒரு கயிற்றுப் பாலம், மரக்கோட்டை, ஏறுவதற்கு ஒரு வலை, இருட்டாக வளைந்து போகும் ஒரு குழாய்ச் சுரங்கம், அவ்வளவுதான்.

அவளுடைய அண்ணனும் அவருடைய மாமாவும் போனில் பேசி முடிவு செய்த இடம் இது. "பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு பாருங்க. அழாம, அடம் பிடிக்காம இருந்தாங்கன்னா அடுத்த வாரமே கையெழுத்தைப் போட்டுடலாம். எதுக்கு இழுத்துக்கிட்டே போகணும்?" என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான்.

ஆக, எல்லாமே இன்றைக்குப் பிள்ளைகள் கையில்தான். அவளுக்குப் படபடப்பாக இருந்திருக்க வேண்டும்; இல்லை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள் அவள். ஊசி போட்ட பிறகு தாடை எப்படி இருக்கும் என்று நோயாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறாள். தொட்டால் தெரியும், வலிக்காது. மனசு அப்படித்தான் கிடந்தது.

"போங்க, போய் விளையாடுங்க" என்றார் அவர் பொதுவாக.

மகள் கையை நீட்டினாள். "வா தம்பி, அந்தச் சுரங்கத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வரலாம்." பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெஞ்சின் இந்த முனையில் அவள், அந்த முனையில் அவர். நடுவில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

அவர் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார். "இது சர்க்கரை போடாதது" என்று ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

"வீடெல்லாம் வசதியா இருக்கா?"

"சின்னதுதான். ரெண்டு பேருக்குப் போதும்."

"எங்களுக்குச் சாப்பாடுதான் பெரும்பாடு. நான் சமைச்சா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் சாப்பிடறான்."

சிரிக்க வேண்டிய இடம். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

சுரங்கத்தின் மறுமுனையில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கத்தல் இல்லை, கூச்சல் இல்லை. கயிற்றுப் பாலத்தை முதலில் கடந்த மகள், பையன் வந்து சேரும்வரை கயிறு ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு ஊஞ்சல் இருந்தது.

"நீ ஏறு தம்பி."

"இல்லக்கா, நீ ஏறு."

இருவரும் விலகி விலகி நின்றதில் ஊஞ்சல் காலியாகவே தொங்கியது.

பெஞ்சு ஓரமாகச் சருகு கூட்டிக்கொண்டிருந்த டிக்கெட் அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு. ஊஞ்சலைக் கண்டா முடியைப் பிடிச்சு இழுத்து ஊரையே கூட்டிடும். இதுங்க என்னடான்னா விருந்தாளி மாதிரி உபசாரம் பண்ணுதுங்க!"

பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைங்கதான் ஒட்டிக்கிச்சே. அப்புறம் என்னம்மா யோசனை? மனுசனும் நல்லவராத்தான் தெரியறார்."

"ம்" என்றாள் அவள்.

வலையில் ஏறும்போது பையனுக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது. பெஞ்சின் இரண்டு முனைகளிலும் இருவரும் பாதி எழுந்தார்கள். பையன் இருவரையும் பார்த்தான். பிதுங்கிய உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, வலிக்கவில்லை என்று தலையை ஆட்டினான். மகள் மண்டியிட்டு, காயத்தில் ஊதிவிட்டாள்.

"சமத்து" என்றாள் அவள், மறுபடியும் உட்கார்ந்துகொண்டு.

"ஆமா. இப்பல்லாம் ரொம்பச் சமத்துதான்."

வெயில் சாய்ந்தது. அவர் தொண்டையைச் செருமினார். "நல்லபடியா போச்சு. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இருக்கிற மாதிரி தெரியல."

"தெரியல."

"அப்போ அடுத்த வாரம் கையெழுத்து...?"

"போட்டுடலாம்."

சொல்லிவிட்டு, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. கையிலிருந்த டீ எப்போதோ ஆறிப் போயிருந்தது.

வாசலில் மகள் குனிந்து பையனுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். மகள் அவன் முதுகில் கை வைத்து லேசாக முன்னால் தள்ளினாள்.

பையன் அவரைத் தாண்டி நடந்து வந்தான். அவள் எதிரே நின்று, அவளுடைய சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, இன்னிக்கு நானும் அக்காவும் சண்டையே போடலம்மா. இனிமே நாம நாலு பேரும் பழையபடி ஒரே வீட்ல இருக்கலாமா?"