குப்பியின் மூடி

மண்ணில் வளை தோண்டி, வாசலுக்கு மண்ணாலேயே மூடி செய்து வாழும் சிலந்தி அது. என் தந்தையார் அதைக் கண்டெடுத்துத் தனிப் பேரினம் என்று நிறுவி, எங்கள் குடும்பப் பெயரைச் சூட்டினார். அந்த முதல் சிலந்தி இன்றும் என் மேசைமேல் ஸ்பிரிட் குப்பியில் இருக்கிறது.

சாதி மாறி மணந்ததற்காக நான் விலக்கி வைத்த மகள் கோமதி நேற்று வந்தாள். சிலந்திகளை வகைப்படுத்துவதுதான் அவள் வேலை.

“ஒரு காலு மட்டும் குடுங்கப்பா, சோதிச்சுப் பாக்கணும். இது தனிப் பேரினம் இல்ல, ஏற்கெனவே பேரு வச்ச இன்னொண்ணோட சேர்ந்ததுன்னு தோணுது.”

“அப்போ நம்ம பேரு?”

“பழைய பேருதான் நிக்கும். நம்மளது போயிடும்.”

“நீ ஒரு தடவை போக்கடிச்சது பத்தலையோ?”

“பேரு போனா உயிரு போயிடாதுப்பா. நான் இருக்கேன்ல.”

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. குப்பியின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வளையின் மூடியை யாராவது வெளியிலிருந்து திறக்கப் பார்த்தால், சிலந்தி உள்ளிருந்து அதைக் கால்களால் பற்றிக்கொள்ளும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். கோமதிக்கு அது தெரியும்.

அவள் குப்பியைத் தொடவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.