பத்துக்குப் பத்து

"கேள்வியை முடிக்க விடுங்க சார்!" பிசியோதெரபிஸ்ட் பேனாவை மேஜையில் தட்டினாள்.

எதிரே கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். குதிகால் தசைநார் அறுந்து, ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. கால் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்று கேட்டு மார்க் போட வேண்டும். சிரமமே இல்லை என்றால் பத்து, அறவே முடியவில்லை என்றால் பூஜ்யம்.

"மாடிப்படி ஏறும்போது..."

"பத்து! வாளித் தண்ணியோடயே ஏறியாகுது."

"வேகமா நடந்தா கெண்டைக்கால் வலி..."

"வலியாவது மண்ணாவது! பத்து."

"நாள் முழுக்க நின்னு வேலை செஞ்சா?"

"அதுக்கும் பத்தே போடுங்க. சும்மா உட்கார்ந்துட்டா வீடு என்னத்துக்கு ஆகும்?"

மனைவி தரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு தூரம்தான் அளக்கிறான், பார்த்துவிடுவோம் என்று பிசியோவும் பத்து பத்தாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் பேனாவை மூடினாள்.

"ரொம்ப சந்தோஷம். ஆபரேஷன் பண்ணின கால்ல மட்டும், குதிகாலைத் தூக்கி நில்லுங்க பார்க்கலாம்."

கணவன் துள்ளி எழுந்தான். சுவரோரம் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்து மனைவியின் மடியில் போட்டான்.

"ம், எந்திரி. நின்னு காட்டு. என் மானத்தை வாங்காதே."

அவள் எழுந்திருக்கவில்லை. ஊன்றுகோலை நீட்டிக் கதவைக் காட்டினாள்.

"நீங்க வெளியே போங்க."

பிறகு பிசியோவின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், புதுத் தாள் எடுங்க. மொதக் கேள்வியிலேர்ந்து என்கிட்ட கேளுங்க."