கத்துகிற பெட்டி

கடல்குதிரைக்குக் குட்டி பிறக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து செவந்தி என்ற கீரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதைப் பார்க்கச் சாதாரண காற்று சிலிண்டரோடு கடலுக்குள் போனால் குமிழிச் சத்தத்துக்கே கடல்குதிரை ஒளிந்துகொள்ளும். அதனால் விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும், குமிழி விடாத பெட்டி வாங்க நண்டின் கடைக்கு ஓடினாள்.

அங்கே இரண்டு பெட்டிகள் இருந்தன.

“என்னை எடுத்துக்கோ! நான் கெட்டுப்போனதே இல்லை” என்றது பளபளப்பான பெட்டி.

“நீ எப்படி?” என்று கீறல் விழுந்த பெட்டியைக் கேட்டாள் செவந்தி.

“நான் கெட்டுப்போவேன்மா. ஆனா அதுக்கு முன்னாடியே காது கிழியக் கத்துவேன். கத்தினா என்ன பண்ணுவே?”

“இடுப்பிலே இருக்கிற சின்ன சிலிண்டரை வாயில வெச்சுக்கிட்டு மேலே வந்துடுவேன்.”

“பார்த்துக்கிட்டு இருக்கிறதைப் பாதியிலே விட்டுட்டா?”

செவந்தி கொஞ்சம் யோசித்தாள். “விட்டுட்டுத்தான்.”

“அப்போ கிளம்பு, போகலாம்!” என்று துள்ளியது பெட்டி.

கடலடியில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா கடல்குதிரையின் வயிற்றுப் பை மெல்லத் திறந்தது. நகத்தளவு குட்டி ஒன்று வெளியே வந்தது. இன்னொன்று. இன்னொன்று. அப்போது பெட்டி வீலென்று கத்தியது. நான்காவது குட்டியின் தலை தெரிந்தது. செவந்திக்குக் கண்ணை எடுக்க மனமே வரவில்லை. ஆனாலும் சின்ன சிலிண்டரை வாயில் வைத்துக்கொண்டு மேலே வந்து கரையேறினாள்.

“என்ன ஆச்சு?” என்று பதறி ஓடிவந்தது நண்டு.

செவந்தி ஈரத்தோடு குதித்தாள். “மூணு பார்த்தேன் நண்டண்ணே! நாலாவது என்னைப் பார்த்துச்சு!”