ஒரே தாய்க் கலம்

“ஒரே தாய்க் கலத்துட பிள்ளைகள் எல்லாம் ஒண்டுதான், தங்கச்சி!” என்று சிரித்தபடி, உதவியாளர் சுஜாந்தி உயிரணுக் கலங்களில் இரண்டு வருடம் உழைத்து எழுதிய பக்கத்தைச் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டினார், முந்தல் ஆய்வுகூடத் தலைவர் பெனடிக்ற். அறிக்கையிலிருந்து அவள் பெயரும் போயிற்று.

கொழும்பிலிருந்து நிபுணர்கள் வந்த அன்று அவள் பெனடிக்றிடம் கேட்டாள்: “ஒரே தாய்க் கலத்தில வளர்ந்த கலம் ரெண்டு போத்தல் இருக்கு சேர். எதைத் தர?”

“எதெண்டா என்ன? ஒண்டைத் தாங்க.”

தந்தாள். அவர் அதற்குள் பச்சைச் சாயம் ஏற்றிய பிறபொருளெதிரிப் புரதத்தை விட்டார். அது ஒட்டினால் கலங்கள் பச்சையாக ஒளிரவேண்டும்; ஆனால் இருண்டே கிடந்தன.

“ஏன் ஒட்டவில்லை?” என்று நிபுணர் ஒருவர் கேட்க, பெனடிக்ற் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சுஜாந்தி ஒரு தாளை நீட்டினாள். “இந்தக் கலங்கள்ல அதைப் பிடிக்கிற வாங்கிப் புரதம் இல்ல ஐயா. ஒரு தாய்ப் பிள்ளைகளும் வேறாகும் எண்டு இதில இருக்கு. எழுத்து என்ட. சிவப்புக் கோடு சேருட.”