விட்டுப்போன வரி

இன்றைக்கும் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். இது ஏழாவது தடவை. லென்ஸ் ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டே கணினித் திரையில் அந்தப் பதிலை இரண்டாம் முறையும் படித்தார்.

லென்ஸ் என்பது ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். இருபத்தாறு வருஷம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர். மாதிரி வைக்கும் ஒரு கண்ணாடித் துண்டுக்குக்கூடப் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும்.

பொழுது போகாமல்தான் இதை ஆரம்பித்தார். நுண்ணோக்கிப் படத்தில் செல்களை எண்ணித் தரும் இலவச மென்பொருள் ஒன்றை, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு திறந்தமூல லினக்ஸ் தொகுப்பில் சேர்க்கும் வேலை. அதற்கு மென்பொருளை ஒரு விவரக் கோப்போடு சேர்த்து முறையாகப் பொதி கட்ட வேண்டும். இது ஓட வேறு என்னென்ன தேவை, எழுதியவர் யார், என்ன உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒன்று விட்டுப்போனாலும் பரிசீலகர் திருப்பிவிடுவார்.

பரிசீலகர், ‘ஊசிக்கண்’ என்ற பெயரில் எழுதும் ஒரு பெண்மணி. முகமும் தெரியாது, ஊரும் தெரியாது. குறையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அப்புறம் பத்து வரிக்குத் தன் ஜன்னலில் கூடு கட்டும் குருவியையும் ஒழுகுகிற குழாயையும் பற்றி எழுதுவார். லென்ஸும் பத்து வரி பதில் எழுதுவார். பல நாள் அவர் பேசுகிற மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபோன் செய்தாள். “ஏண்டா, இன்னும் அந்தப் பொட்டலத்தையா கட்டிக்கிட்டிருக்க? மளிகைக் கடைக்காரன் இதுக்குள்ள ஆயிரம் கட்டியிருப்பான்.”

“உரிமத்துக்கான வரி விட்டுப்போச்சுக்கா.”

“அதைத்தான் போன மாசமே சேர்த்துட்டேன்னியே?”

லென்ஸ் அவளுடைய முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். அக்காவும் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பொட்டலத்தை மறந்துவிட்டாள்.

புதன்கிழமையோடு தொகுப்பின் இந்த வருஷ வெளியீட்டுக்குக் கதவை மூடுகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் உள்ளே போகாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அவருடைய பழைய ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளே, எப்போது கிடைக்கும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். செவ்வாய் காலை பொதியை மறுபடி கட்டி, எல்லா வரியையும் மூன்று முறை படித்தார். அனுப்பும் பொத்தானின் மேல் விரல் வெகுநேரம் நின்றது.

மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. பொதி ஏற்றுக்கொள்ளப்பட்டது, இதன் புதிய பதிப்புகளை இனி அவரே நேரடியாக ஏற்றிக்கொள்ளலாம், பரிசீலனை தேவையில்லை. குருவியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஜெயித்தாயிற்று. நியாயமாகப் பார்த்தால் அக்காவைக் கூப்பிட்டுப் பெருமை அடித்திருக்க வேண்டும். ஆனால் நாளைக் காலை எழுந்து யாருக்கு எழுதுவது? எதிர் நாற்காலியில் இருந்த துணியை எடுத்து மடித்தார். மடித்து முடித்தும் மணி இரண்டுதான் ஆகியிருந்தது.

‘நன்றி’ என்று ஒரே ஒரு சொல் தட்டி அனுப்பினார். கணினியை அணைக்கப் போனபோது ஊசிக்கண்ணிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது.

“சீக்கிரம் இன்னொரு பொதி ஆரம்பிங்க; நீங்க வேணும்னே அழிக்கிற வரியை நானும் மெதுவாவே கண்டுபிடிக்கிறேன்.”