அணைக்காத எஞ்சின்

உத்திரமேரூர் ஒர்க்‌ஷாப்பில், துரைக்கண்ணுவின் பழைய பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் முனிரத்தினம் வெளியே வந்தான்.

“ஆயில் பிரஷர் சுவிட்ச் லீக்குண்ணா. எஞ்சின் ஓடினாதான் ஒழுகும், ஆஃப் பண்ணா நின்னுடும். நேத்து எங்க போனே?”

“தென்னேரியில நெல்லு எறக்கிட்டு நேரா வூட்டுக்கு வந்துட்டேன்.”

“அந்த ஓட்டத்துக்கு ரெண்டு லிட்டர் ஆயில் போவாதுண்ணா. எங்கியோ எஞ்சினை ஓடவுட்டுக்கினு ரொம்ப நேரம் நின்னுகினு இருந்திருக்கே.”

“எங்கியும் நிக்கல.”

“யாராச்சும் பாத்தா ஓடிடலாம்னு நிக்கறவன்தான் அப்டி நிறுத்துவான்.”

முனிரத்தினம் சிரித்தான். துரைக்கண்ணு சிரிக்கவில்லை. வீட்டில் அவர் மட்டும்தான். ஆக்குவது, தின்பது, படுப்பது எல்லாம் தனியாக.

போன் அடித்தது. அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு பழையசீவரம் போய்விட்ட மகள் வளர்மதி. மூன்று வருடத்தில் இதுதான் முதல் அழைப்பு.

“நைனா, தெனமும் சாயங்காலம் எங்க தெருமுனையில நீ வண்டி நிறுத்தற எடத்துல ஆயில் கொட்டிக் கெடக்குது. எஞ்சின் போயிடப் போவுது, பாத்துக்க.”

துரைக்கண்ணு வண்டிக்கு அடியில் சொட்டியிருந்த ஆயிலைப் பார்த்தார்.

“இன்னிக்கு வந்தா எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு உள்ள வா.”