பேசாத பெட்டி

தடுப்பூசிப் பெட்டிக்குள் ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தம், அதாவது விதிப்படி தானே இயங்கும் நிரல்; சுகாதார நிலையத்தில் இன்னொன்று. பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை தன் குளிரை வயர்லெஸ்ஸில் சொல்லும். நிலையம் அதைக் கேட்டு, ஊசி போடலாம் என்று பச்சை விளக்கை எரியவிடும். சொன்னதையே சொல்லிச் சொல்லிப் பாதி வழியிலேயே பெட்டியின் பேட்டரி தீர்ந்தது. அந்த வீண்பேச்சை வெட்டியவள் மாவட்ட அலுவலகப் பொறியாளர் வெண்ணிலா. குளிர் மாறினால் மட்டும் பேசு, பேசாவிட்டால் எல்லாம் சரி என்று நிரலை மாற்றி எழுதினாள். பேட்டரி நான்கு நாள் வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

இன்று மதியம் மலையிலிருந்து நர்ஸ் சகாயமேரி அழைத்தார்.

“மேடம், கடைசி மருந்த எடுத்தப்பதான் பார்த்தேன். அடியில ஐஸ் எல்லாம் உருகிக் கெடக்கு. ஆனா பச்சைதான் எரியுது.”

வெண்ணிலா பதிவைத் திறந்தாள். பெட்டி கடைசியாகப் பேசியது மூன்று நாளுக்கு முன், செவ்வாய்க்கிழமை. அதன்பிறகு கருவியே செத்துக் கிடந்திருக்கிறது.

“எத்தன பேருக்குப் போட்டீங்க சிஸ்டர்?”

“இருபத்தோரு பிள்ளைக்கு. பச்சை எரிஞ்சா போடலாம்னு சொன்னது நீங்கதானே.”

வெண்ணிலா மாவட்ட வரைபடத்தைத் திறந்தாள். திரையில், மாவட்டம் முழுக்க, இன்னும் முப்பத்தொன்பது பெட்டிகளின் பச்சைப் புள்ளிகள். காலையிலிருந்து அவற்றில் ஒன்றுகூடப் பேசவில்லை.